ஒரு கொத்துப் புதிரரிசி

2021 மே 7, வெள்ளி

திணைக்களம் தந்த 2019ஆம் ஆண்டு டயறி ஒன்று அலுமாரிக்குள் எழுதப்படாமல் கிடந்தது. கிழமைகள் பிழை. வெட்டி எழுதினால் சரி. இப்போது கடையில் கொப்பி விற்கிற விலைக்கு இதுவே போதும்.

அலுவலகத்துக்குக் கொடுக்கிற நாட்குறிப்பு வேறு. அதில் போன இடம், போன நேரம், சந்தித்த விவசாயிகள் எத்தனை பேர் என்பது மட்டும்தான். பத்தொன்பது வருடமாக விவசாயப் போதனாசிரியராக அதைத்தான் எழுதிக் கிழிக்கிறேன். இது எனக்கு.

இரசாயன உரம் இனி நாட்டுக்குள் வராது என்று அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்துவிட்டது. முழு நாட்டுக்கும் சேதனப் பசளை, சாணியும் இலைதழையும்தான். கையிருப்பில் டொலர் இல்லை, அதுதான் என்கிறார் ஒருவர். மண்ணுக்கும் சனத்துக்கும் நல்லது என்கிறார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பத்து வருடம் பிடிக்கிற வேலையை ஒரு போகத்தில் செய்து முடி என்றால் செய்கிறது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். இவர் தபால் கந்தோரில் வேலை. எதற்கும் பதறாத மனுசன். "அப்ப உனக்கு இனி ஓட்டம் கூட" என்றார். பிறகு தன் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

2021 ஆகஸ்ட் 3, செவ்வாய்

வெள்ளாங்கண்டலில் கூட்டெருப் பயிற்சி. நாற்பது பேரைக் கூப்பிட்டேன், பதினேழு பேர் வந்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு கத்தியதில் தொண்டை போய்விட்டது.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் பரஞ்சோதி அண்ணை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். நான் சாணி ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு, கிளிசறியா இலை ஒரு அடுக்கு என்று சொல்லி முடிக்கவில்லை, கையைத் தூக்கினார்.

"மிஸ், சாணிக்கு மாடு எங்கை? மாட்டை வித்துப்போட்டு மிசினும் யூரியாவும் வாங்கச் சொன்னதும் உங்கடை கந்தோர்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தது தவநிதி ஒருத்திதான். அவளுக்கு இரண்டு ஏக்கர். குளத்துக் கடைசி வாய்க்காலுக்கும் அப்பால், அதனால் சிறுபோகம் கிடையாது. மழைக்கு விதைத்துத் தையில் வெட்டுகிற காலபோகம் ஒன்றுதான். அந்த ஒரு வெட்டுத்தான் அவளுக்கும் மகளுக்கும் தாய்க்கும் வருடம் முழுக்கச் சோறு, அடுத்த வருட விதைநெல், மிச்சம் விற்கிற நெல். புருசன் 2009இல் போனவன் திரும்பவில்லை. மீளக்குடியேறி வந்த முதல் வருடம் நெல்லை எப்படி வீசுவது என்று வரம்பில் நின்று அவளுக்குக் கைபிடித்துக் காட்டியது நான்தான். அன்றிலிருந்து ஊரில் எல்லோருக்கும் நான் நகுலா மிஸ். அவளுக்கு மட்டும் நகுலாக்கா.

போகும்போது கேட்டாள். "அக்கா, உண்மையா விளையுமோ?"

"கஷ்டப்பட்டால் விளையும்" என்றேன். அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த வசனம்.

2021 ஒக்ரோபர் 5, செவ்வாய்

புழுதி விதைப்புத் தொடங்கிவிட்டது. எங்கள் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கரில் மாதிரி வயல் விதைத்தோம். பெயர்ப்பலகை நட்டாயிற்று: 'நூறு வீதம் சேதனச் செய்கை'. பலகைக்குப் பச்சைப் பெயின்ற் கிடைக்கவில்லை, நீலத்தில் எழுதினோம்.

தவநிதியும் விதைத்தாள். மூன்று குவியல் கூட்டெரு செய்திருக்கிறாள். கிளிசறியா இலைக்கு மகளோடு நாலு கட்டை தூரம் சைக்கிளில் போய் வெட்டி வந்தாளாம். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தது.

2021 ஒக்ரோபர் 19

பால்மா இல்லை. ஆறு கடை ஏறி இறங்கினேன். வெறுந்தேத்தண்ணி.

2021 நவம்பர் 3, புதன்

மாதிரி வயல் மஞ்சளடிக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் போன வருட மிச்ச உரத்தைக் கொஞ்சம் போட்டிருக்கிறார், அவருடையது கரும்பச்சையாகக் கறுத்துப்போய் நிற்கிறது. நடுவில் எங்கள் பலகை. பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துப் பெரியவர் போன் எடுத்தார். இருபத்திரண்டாம் திகதி வயல் விழா. வெளியிலிருந்து ஆட்கள் வருவார்களாம், படம் எடுப்பார்களாம்.

"வயல் பச்சையா நிக்கும்தானே, நகுலேஸ்வரி?"

"நிக்கும் சேர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

2021 நவம்பர் 12, வெள்ளி

மழை விட்டிருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் மாதிரி வயலுக்குப் போனேன். அரை மணித்தியாலம். பிறகு வாளியைக் கழுவினேன். கையைக் கழுவினேன். வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை கழுவினேன்.

அலுவலக நாட்குறிப்பு: 'மாதிரி வயல் பார்வை, 12.30 – 1.00.'

பின்னேரம் கீரை கடைந்தேன். உப்புக் கூடிவிட்டது.

2021 நவம்பர் 13, சனி

இவர் பின்னறையிலிருந்து வந்து சொன்னார். "மிளகாய்க்கெண்டு ஒளிச்சு வைச்ச யூரியா அரைவாசி குறைஞ்சு கிடக்கு. எலி இப்ப யூரியாவும் தின்னுதோ?"

"பஞ்சத்துக்கு எலி எதையும் தின்னும்" என்றேன்.

சிரித்துவிட்டுப் போனார்.

2021 நவம்பர் 18, வியாழன்

தவநிதி சந்தைக்குப் போகிற வழியில் மாதிரி வயல் வரம்பில் நின்றாள். சைக்கிளை விட்டு இறங்கி, குனிந்து, இலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னக்கா இது! போன கிழமை வந்து பாக்கேக்கை பழுத்துக் கிடந்தது. இப்ப கண்ணைப் பறிக்குது."

"கொம்போஸ்ட் கரைஞ்சு வேருக்குப் போக நாள் எடுக்கும்" என்றேன். அது பொய்யில்லை. புத்தகத்தில் இருக்கிறது.

"அப்ப என்ரையும் வரும்" என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சைக்கிள் பழைய சைக்கிள், தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டது.

2021 நவம்பர் 22, திங்கள்

வயல் விழா.

கதிரை அறுபது, வடை இருநூறு, வெறுந்தேத்தண்ணி. வெளியாட்கள் பத்தரைக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கு வந்தார்கள். ஒருவர் வயலுக்குள் இறங்கி நின்று படம் எடுத்தார், சப்பாத்துச் சேற்றில் புதைந்து ஒன்று கழன்றுவிட்டது. அதைத் தோண்டி எடுக்கப் பரஞ்சோதி அண்ணைதான் போனார். எடுத்துக் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களே சேர், மண் நல்ல பிடிப்பு" என்றார். நான் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். அடுக்கு, ஈரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரட்டுதல். இரண்டாயிரம் தடவை சொன்னதுதான், வாய் தானாகச் சொல்லியது. "நீங்களே பாருங்கோ" என்று வயலைக் கையால் காட்டினேன். கை தட்டினார்கள்.

பரஞ்சோதி அண்ணை கிட்ட வந்து வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வயலைப் பார்த்தார். "கும்பிடுறன் மிஸ். தோத்துப் போனன்" என்றார். அது பகிடியா உண்மையா என்று அவர் முகத்தில் தெரியாது. எப்போதும் அப்படித்தான்.

எல்லோரும் வடைக்குப் போன பிறகு தவநிதி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்னட்டை ஒரு பை யூரியா கிடக்கு. போன வருசம் மிஞ்சினது. விறகுக்குக் கீழை வைச்சிருக்கிறன். என்ரை வயல் இன்னும் பழுத்துத்தான் நிக்குது. போடட்டோ, விடட்டோ?"

பின்னால் பெரியவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ரை விருப்பம்" என்றேன்.

அவள் மாதிரி வயலைப் பார்த்தாள். "உங்கடை இப்பிடி நிக்கேக்கை எனக்கு என்னத்துக்கு விசருக்கு? அந்தப் பையைப் பரஞ்சோதி அண்ணைக்குக் குடுத்துப்போட்டு ரெண்டு பெட்டி எரு பறிப்பிக்கப் போறன். அவரின்ரை மச்சான் மாட்டுப்பட்டி வைச்சிருக்கிறார். எரு காணாததுதான் என்ரை பிழை போலை."

"தவநிதி" என்றேன்.

"என்னக்கா?"

"பெரியவர் கூப்பிடுறார்" என்றேன்.

அலுவலக நாட்குறிப்பு: 'வயல் விழா. பங்குபற்றியோர் 74.'

2021 நவம்பர் 23

அவளுடைய வயல் மூலையில் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி எரு பறித்துக் கிடக்கிறது. தெருவால் போகும்போது கண்டேன். ஸ்கூட்டியை நிற்பாட்டவில்லை.

2021 நவம்பர் 24, புதன்

தடை எடுத்தாயிற்றாம். விரும்பினவர்கள் உரம் இறக்குமதி செய்யலாமாம். செய்தியில் சொன்னார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி, இப்போது சங்கைக் கீழே வைத்துவிட்டார்.

கடைகளுக்குப் போன் எடுத்தேன். ஒரு கடையிலும் ஒரு மணி யூரியா இல்லை. வந்தாலும் வெட்டு முடிந்த பிறகுதான் வரும் என்கிறார்கள்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அவள் அந்தப் பையைக் கொடுத்திருக்க மாட்டாள்.

2021 டிசம்பர் 2

காஸ் அடுப்பு வெடிக்கிறது என்று ஊரெல்லாம் கதை. இவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் மாமரத்தடியில் வைத்துவிட்டார். விறகு அடுப்புக்கு மாறினோம். கண் எரிகிறது. அது நல்லதுதான், கேட்பவர்களுக்குப் புகை என்று சொல்லலாம்.

2021 டிசம்பர் 6, திங்கள்

தவநிதியின் வயலுக்குப் போகாமல் இருக்க வழி தேடினேன். கிடைக்கவில்லை, என் அட்டவணையில் இன்று அவளுடைய வாய்க்கால்.

பயிர் முழங்கால் உயரம்தான். எரு போட்ட மூலை மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. மற்றதெல்லாம் வெளிறிப்போய் நிற்கிறது. அடுத்தது பரஞ்சோதி அண்ணையின் வயல். கறுகறு என்று நிற்கிறது. அவளுடைய பைதான் அங்கே நிற்கிறது.

அவள் வரம்பில் குந்தியிருந்து ஒரு கொப்பியை விரித்தாள். ஆகஸ்டில் நான் சொன்னதை எல்லாம் எழுதின கொப்பி.

"அக்கா, ஒண்டொண்டாச் சொல்லுறன். எங்கை பிழை விட்டனான் எண்டு பாருங்கோ." சாணி எத்தனை கடகம், எந்தத் திகதியில் பிரட்டியது, எந்தத் திகதியில் மழை நனைத்தது, எல்லாம் எழுதி வைத்திருந்தாள். என் அலுவலகத்தில் ஒருத்தரும் இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை.

"பிழை ஒண்டும் இல்லை" என்றேன்.

"பிழை இல்லாட்டி உங்களுக்கு வந்தது எனக்கு ஏன் வரேல்லை?"

"மண் வித்தியாசம்" என்றேன்.

அவள் அதையும் கொப்பியில் எழுதினாள்.

2021 டிசம்பர் 16, வியாழன்

பின்னறையில் மிச்சம் இருந்த யூரியாவைச் சந்தைப் பையில் போட்டு, மேலே கத்தரிக்காய் போட்டு மூடிக்கொண்டு தவநிதி வீட்டுக்குப் போனேன். காலம் பிந்திவிட்டது. ஆனாலும் கதிர் கட்டுகிற நேரம் கொஞ்சம் உதவும். கால்வாசியாவது தேறும்.

முற்றத்தில் மூக்கைத் துளைக்கிற நாற்றம். மீன் கழிவையும் சர்க்கரையையும் வாளியில் ஊறவைத்திருந்தாள். யாரோ சொன்னார்களாம். மகள் மதுரா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பதினாறு வயது, மூக்குத்தான் பெரிது இப்போது.

பையைத் திறந்து காட்டினேன். "இதைக் கொண்டுபோய் வீசு" என்றேன்.

தவநிதி பார்த்தாள். அவள் முகம் மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லை. பரீட்சையில் பார்த்தெழுதச் சொன்ன மாதிரி முகம்.

"என்னக்கா, நீங்களே இப்பிடிச் சொன்னால்? ஊரெல்லாம் உங்கடை வயலைப் பாத்து வாய் பிளக்குது. அது கொம்போஸ்ட்டிலை வந்தது எண்டால் என்ரையும் வரவேணும். நான் ஏதோ ஒண்டைப் பிழையாச் செய்யிறன், அதைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. இது வேண்டாம்."

"வீசு தவநிதி. பிடிவாதம் பிடியாதை."

"பிடிவாதம் இல்லையக்கா. எனக்கு ரோசம். இந்த முறை செய்து பழகினால் இனி ஒருத்தன்ரை உரத்தையும் எதிர்பாத்து நிக்கத் தேவையில்லை. நீங்கள் செய்து காட்டீட்டீங்கள். நானும் காட்டுறன்."

வாயைத் திறந்தேன். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். முற்றத்தில் நாங்கள் இருவரும்தான். ஒரு வசனம்.

கத்தரிக்காயை அவளிடம் கொடுத்துவிட்டு யூரியாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். வருகிற வழியில் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் முடிந்து அரைக் கட்டை உருட்டினேன்.

2021 டிசம்பர் 31, வெள்ளி

மாதிரி வயலுக்கு நான் யூரியா போட்டேன்.

எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கோழி கத்தியது, இவர் ரேடியோவைத் திருப்பினார். யூரியா போடாத ஊர் எது என்று எனக்கே நூறு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். போட்டதற்கு நியாயம் கிடைக்கும். கிணற்றடியில் சும்மா நின்றதற்குக் கிடைக்காது.

2022 ஜனவரி 14

பொங்கல். கஜு இல்லை, முந்திரிகைவற்றல் இல்லை. பொங்கல் பொங்கியது.

2022 ஜனவரி 18, செவ்வாய்

தைப்பூசம். புதிர்.

இங்கே தைப்பூசத்தன்று வயலில் முதல் முற்றின கதிரைக் கொஞ்சம் அறுத்து, குத்தி, அந்த அரிசியில் சோறாக்கிச் சாப்பிடுவார்கள். வேண்டியவர்களுக்கும் கொடுப்பார்கள். தவநிதி வருடா வருடம் எனக்கு ஒரு கொத்து அரிசி அளந்து கொண்டுவருவாள். இந்த வருடம் வரமாட்டாள் என்று இருந்தேன். ஒன்பது மணிக்குப் படலையில் சைக்கிள் சத்தம்.

"ஒரு கொத்துக்குக் கொஞ்சம் குறையும் அக்கா. குறை நினைக்காதேங்கோ."

கடதாசிச் சரையைக் கையில் தந்தாள். சிவப்பரிசி, உமி ஒன்றிரண்டு ஒட்டியபடி. மெலிந்த அரிசி, பாதி நொய்.

"உனக்கே காணாது. வைச்சிரு" என்றேன்.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. குடுத்த புதிர் திரும்பி வந்தால் அந்த வீட்டு அடுப்பு அணைஞ்சுபோம் எண்டு அம்மா பேசுவா. எனக்கு வயல் காட்டித் தந்தது நீங்கள். உங்களுக்குக் குடாமல் நான் எப்பிடி வாயிலை வைக்கிறது?"

அவள் போன பிறகு அரிசியைப் பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடி, அடுப்படிச் சுவர்த்தட்டில் வைத்தேன். இன்றைக்குச் சமைக்க வேண்டியது. கடை அரிசியைப் போட்டேன்.

"புதிர் வந்ததெல்லே?" என்று இவர் கேட்டார்.

"நாளைக்கு" என்றேன்.

2022 ஜனவரி 22, சனி

சந்தையில் தவநிதி. "அக்கா, புதிர் சமைச்சனீங்களோ? எப்பிடி?"

"ஓம். நல்ல மணம்" என்றேன்.

பேணி தட்டில்தான் இருக்கிறது. அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

2022 ஜனவரி 31, திங்கள்

பயிர்வெட்டு. ஒவ்வொரு வருடமும் சில வயலைத் தெரிந்து, நாலு மூலைக்கும் குச்சி நட்டு, கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் கையால் வெட்டி, அடித்து, நிறுப்போம். அதை வைத்து முழு ஊரின் விளைச்சலைக் கணக்கிடுவார்கள். இந்த வருடம் தெரிவான வயல்களில் தவநிதியுடையதும் பரஞ்சோதி அண்ணையுடையதும் இருந்தன.

தவநிதியின் சதுரத்தை அவளே வெட்டித் தந்தாள். கதிரில் பாதி பதர். தராசில் போட்டேன். முள் ஆடி நின்றது. அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

பரஞ்சோதி அண்ணையின் சதுரம் அதைப் போல மூன்று மடங்கு. அவர் பெருமைப்படவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னார். "அது அந்தப் பிள்ளை தந்த பை மிஸ். நான் வேண்டாம் எண்டனான், அவதான் உங்கடை வயலைக் காட்டிக் கதைச்சவ. எனக்கு அந்த நெல்லைத் தொடவே ஒருமாதிரிக் கிடக்கு."

அவரைப் போல எனக்கும் ஒருமாதிரிக் கிடந்தால் நல்லது. எனக்கு ஒன்றும் இல்லை. கையும் காலும் தம் பாட்டில் வேலை செய்கின்றன.

மாதிரி வயல் அறிக்கையும் இன்று முடிக்க வேண்டும். விளைச்சல் எழுதினேன். 'இட்ட பசளை' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

2022 பெப்ரவரி 4

பெரியவர் போன். "ஒரு கட்டம் நிரப்பேல்லை. நிரப்பி அனுப்பும். அடுத்த போகத்துக்கு உம்மடை வயலை வைச்சுத்தான் துண்டுப்பிரசுரம் அடிக்கப் போறம்."

2022 பெப்ரவரி 6, ஞாயிறு

தவநிதிக்கு வெட்டு மெஷின் நேற்று வந்து போய்விட்டதாம். டீசலுக்கு இரண்டு நாள் காத்திருந்ததாம். போன வருடம் நாற்பத்தொரு மூட்டை. இந்த வருடம் பதினொன்று.

காலமை பேணியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவைத்து, காலால் துழாவிக்கொண்டிருந்தாள். தாய்க்காரி உள்ளே இருமிக்கொண்டிருந்தாள். மதுரா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தாள்.

"வாங்கோ அக்கா. விதைக்கு ரெண்டு மூட்டை எடுத்து வைச்சிட்டன். மெஷினுக்கும் கடனுக்கும் அஞ்சு போச்சு. மிச்சம் வைகாசி வரைக்கும் வரும். அதுக்குப் பிறகு பாப்பம்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

"தவநிதி, மாதிரி வயலுக்கு நான் யூரியா போட்டனான்."

அவள் நடந்துகொண்டிருந்தாள். படங்கின் கரைக்குப் போய்த் திரும்பி, இன்னொரு சால் காலால் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எப்ப?"

"நவம்பர் பன்னிரண்டு. விழாவுக்குப் பச்சையா நிக்கவேணும் எண்டு."

விரலை மடித்தாள். "நான் பையைக் குடுத்தது இருபத்திமூண்டு."

"ஓம்."

"அதுக்கு முதல் நாள் உங்களட்டைக் கேட்டனான். கிணத்தடியிலை. போடட்டோ விடட்டோ எண்டு."

"கேட்டனீ."

"பேந்து மார்கழியிலை பையோடை வந்தனீங்கள். அப்பவும் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. தவநிதி அந்தப் பக்கம் பார்த்தாள். "குவியலைச் சரியாப் பிரட்டேல்லை எண்டு அவளுக்கு அடிச்சனான். மூண்டு தரம். பாடத்தை விட்டுப்போட்டு இலை வெட்ட வந்த பிள்ளை. உன்னாலைதான் வயல் பழுத்தது எண்டு சொல்லிச் சொல்லி அடிச்சனான்."

அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"உதென்ன?"

"நீ தந்த புதிர்."

"சமைச்சது எண்டனீங்கள். நல்ல மணம் எண்டனீங்கள்."

"சமைக்கேல்லை. என்னாலை ஏலாமல் கிடந்தது."

புதிர் திரும்பி வரக்கூடாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேண்டாம், கொண்டுபோங்கோ என்று சொல்வாள் என்று மனதின் ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருந்தேன். அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் பேணியை வாங்கி மூடியைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள், வண்டு இருக்கிறதா என்று. உள்ளே போனாள். அரிசி பானைக்குள் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு பேணியின் அடியைத் தட்டுகிற சத்தம். ஒரு மணியும் விடாமல் தட்டினாள். வெளியே வந்து வெறும் பேணியை என் கையில் தந்தாள்.

"இது எங்களுக்கு ரெண்டு நேரச் சோறு, மிஸ்" என்றாள்.

பிறகு படங்கில் ஏறி நெல்லைத் துழாவத் தொடங்கினாள். நான் படலையைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

2022 பெப்ரவரி 7, திங்கள்

'இட்ட பசளை' கட்டத்தில் யூரியா என்றும் எத்தனை கிலோ என்றும் எந்தத் திகதி என்றும் எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"நகுலேஸ்வரி, இதை இப்பிடியே மேலை அனுப்பவோ? யோசிச்சுச் சொல்லும்."

"இப்பிடியே அனுப்புங்கோ சேர்."

பின்னேரம் வீட்டுக்கு வர, இவர் அடுப்படியில் பேணியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருமாதிரிப் புதிரைச் சமைச்சுப்போட்டாய் போலை. எனக்கு ஒரு வாய் தரேல்லை?"

"சமைக்கேல்லை" என்றேன்.

"அப்ப இதையும் எலியோ?" என்று சிரித்தார்.

"எலி இல்லை" என்றேன். அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொல்லி, பின்னறை யூரியாப் பையிலிருந்து தொடங்கினேன்.